சாப்பிடற முட்டை வேற, பொம்மை முட்டை வேற

அன்புள்ள ஆசிரியருக்கு வணக்கம்.

ஈஸ்டருக்கு முன்னாடி வந்த உங்க சிறுவர் பக்கத்துல முட்டையில முயல், கோழிக்குஞ்சு, பாண்டா எல்லாம் செய்யறது எப்படின்னு கலர் படத்தோட போட்டிருந்தீங்க. இங்க நியூரம்பர்க்ல உட்கார்ந்து இ-பேப்பர்ல பார்த்தேன், சந்தோஷமா இருந்துச்சு, ஏன்னா நம்ம பேப்பர்கள்ல ஈஸ்டர்னா சர்ச் போட்டோவும் தலைவர்கள் வாழ்த்தும்தான் வழக்கமா வரும். ஆனா கடைசி வரி படிச்சதும் திக்குனு ஆயிடுச்சு. அவிச்ச முட்டைக்கு அக்ரிலிக் பெயிண்ட் அடிச்சு, க்ளூ கன் வெச்சு காது ஒட்டி, ரெண்டு நாள் ஷோகேஸ்ல வெச்சு அழகு பார்த்துட்டு அப்புறம் உரிச்சு சாப்பிடலாம்னு போட்டிருக்கீங்க. தயவுசெஞ்சு அதுக்கு ஒரு திருத்தம் போடுங்க சார். அதுக்காகத்தான் எழுதறேன், எழுத ஆரம்பிச்சதுல கொஞ்சம் நீளமாவே போயிடுச்சு, எடிட் பண்ணிக்கோங்க.

நான் இங்க ஒரு கிண்டர்கார்டன்ல உதவியாளரா வேலை பார்க்கறேன். மூணு வயசுல இருந்து ஆறு வயசு வரைக்கும் பிள்ளைங்க. மார்ச் மாசம் பிறந்தாலே எங்களுக்கு முட்டை சீசன்தான், டேபிள் பூரா முட்டை, பெயிண்ட், கத்தரிச்ச காகிதம், தரையில பஞ்சு. சொந்த ஊர் பாளையங்கோட்டை பக்கம், அங்க ஈஸ்டர்னா எனக்குத் தெரிஞ்சு விடியக்கால ஆராதனையும் மத்தியானம் கறிச்சாப்பாடும்தான், முட்டைக்கு பெயிண்ட் அடிக்கறதெல்லாம் இப்பதான் ஸ்கூல் வழியாவும் அப்பார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குரூப் வழியாவும் வருது. வரட்டும், நல்ல விஷயம்தான். ஆனா அது எந்த ஊர்ல இருந்து வருதோ அந்த ஊரோட குளிரு கூடவே வராது, பிரச்சினையே அங்கதான்.

முதல்ல இதைச் சொல்லிடறேன். பச்சை முட்டையை விட அவிச்ச முட்டை சீக்கிரம் கெட்டுப்போகும், நிறைய பேர் தலைகீழா நினைச்சுட்டு இருக்காங்க. ஓட்டு மேல கண்ணுக்கே தெரியாத ஒரு மெல்லிசான படலம் இருக்கு, அதுதான் ஓட்டுல இருக்கற ஆயிரக்கணக்கான குட்டி குட்டி துளைகளை மூடி வெச்சிருக்கு, கொதிக்க வெச்சதும் அது போயிடும், அப்புறம் அந்தத் துளை வழியா கிருமி தாராளமா உள்ள போகலாம். அமெரிக்க விவசாயத் துறை சொல்ற கணக்கு என்னன்னா அவிச்ச முட்டை வெளியில 2 மணி நேரத்துக்கு மேல இருந்தா சாப்பிடாதீங்க, வெயில் 32 டிகிரிக்கு மேல போனா 1 மணி நேரம்தான், ஃப்ரிட்ஜ்ல வெச்சா ஒரு வாரம். இப்ப திருநெல்வேலியில ஏப்ரல் மாசம் 32 டிகிரிக்கு கீழ மத்தியானம் எப்ப சார் இருந்துச்சு? ரெண்டு நாள் ஷோகேஸ்ல இருந்த முட்டையைப் பிள்ளை கையில குடுத்து சாப்பிடுன்னா அப்புறம் ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடணும்.

இங்க ஜெர்மனியில சாயம் போட்ட முட்டையை கூடையில போட்டு ஹால்லயே வெச்சு நாலஞ்சு நாள் எடுத்து எடுத்து சாப்பிடறாங்களேன்னு கேட்பீங்க. சாப்பிடறாங்க, உண்மைதான். இங்க அந்த சமயத்துல வெளியில ஜாக்கெட் போட்டுட்டுதான் போவோம். அப்புறம் சூப்பர்மார்க்கெட்ல வருஷம் பூரா ரெடிமேடா கலர் முட்டை விக்கறாங்க, அது மேல அரக்குல ஒரு பாலிஷ் கோட்டிங் இருக்கும், துளையெல்லாம் அடைஞ்சிடும், அதனால தாங்குது. அதைப் பார்த்துட்டு வீட்ல அவிச்ச முட்டையும் அப்படித் தாங்கும்னு நினைக்கக் கூடாது.

பெயிண்ட் டப்பாவுல நச்சில்லாததுன்னு எழுதியிருக்கேன்னு ஒரு அம்மா என்கிட்ட கேட்டாங்க. பிள்ளை தெரியாத்தனமா விரலை நக்கிட்டா பயப்பட வேண்டாம்னு அர்த்தம் அம்மா, சாப்பாட்டுல சேர்க்கலாம்னு இல்லன்னு சொன்னேன். முட்டை அவியும்போது லேசா ஒரு கீறல் விழுந்திருந்தா போதும், சாயம் உள்ள இறங்கி வெள்ளைக்கரு மேல கோடு கோடா தெரியும், உரிச்சுப் பார்த்தவங்களுக்குத் தெரியும். மார்க்கர், க்ளிட்டர், க்ளூ எல்லாம் அப்படியே உள்ள போகும்னு வெச்சுப் பாருங்க.

அதனால எங்க இடத்துல ஆரம்பத்துலயே ரெண்டா பிரிச்சிடுவோம். சாப்பிடற முட்டை ஒரு டேபிள், பொம்மை முட்டை இன்னொரு டேபிள். ஒண்ணுல இருக்கறது இன்னொண்ணுக்குப் போகாது. மூணு வயசுப் பிள்ளைக்குக் கூட இது புரியுது, பெரியவங்களுக்குத்தான் 'ஐயோ முட்டை வேஸ்ட்டா போகுதே'ன்னு மனசு கேக்கறதில்ல. வேஸ்ட் ஆகாது, எப்படின்னு சொல்றேன்.

பொம்மை முட்டைக்கு உள்ள இருக்கறதை எடுத்துட்டு வெறும் ஓட்டைத்தான் வெச்சுக்கணும். பச்சை முட்டையை சோப்புத் தண்ணியில நல்லா கழுவிட்டு, கோணி ஊசி மாதிரி தடிமனான ஊசியால ரெண்டு பக்கமும் ஓட்டை போடணும், கீழ் ஓட்டை கொஞ்சம் பெருசா. ஒரு கம்பியை விட்டு மஞ்சக்கருவை உடைச்சு விடணும், இல்லன்னா வரவே வராது. அப்புறம் மேல இருந்து காத்து அடிக்கணும். பழைய முறையில வாய வெச்சு ஊதுவாங்க, வீடியோல எல்லாம் இன்னும் அதைத்தான் காட்டறாங்க, வேண்டாம் சார், பச்சை முட்டையில சால்மொனெல்லாங்கற கிருமி இருக்கலாம், பிள்ளைங்க பார்த்தா தானும் வாய வைக்கும். மெடிக்கல் ஷாப்ல ஊசி இல்லாத சிரிஞ்ச் வாங்கிக்கோங்க, அதுல காத்தை இழுத்து உள்ள தள்ளினா வழவழன்னு கிண்ணத்துல விழுந்துடும். இங்க இதுக்குன்னே ஒரு குட்டி பம்ப் விக்குது. அப்புறம் கொஞ்சம் வினிகர் கலந்த தண்ணியை உள்ள விட்டு அலசி, கவுத்து வெச்சு ஒரு நாள் காய விடணும். உள்ள இருந்து வந்ததை அன்னிக்கே நல்லா வேக வெச்சு ஆம்லெட்டோ பொடிமாஸோ போட்டுடுங்க. ஈஸ்டருக்கு ஒரு மாசம் முன்னாடியே ஆரம்பிச்சு, வீட்ல எப்ப ஆம்லெட் போட்டாலும் முட்டையை உடைக்காம இப்படி எடுத்தீங்கன்னா தானா ஓடு சேர்ந்துடும், ஒரு முட்டை கூட வீண் இல்ல.

இங்க ஜால்ஃபெல்ட்னு ஒரு ஊர்ல ஒரு குடும்பம் தோட்டத்து ஆப்பிள் மரத்துல 1965ல 18 பிளாஸ்டிக் முட்டையைத் தொங்க விட்டு ஆரம்பிச்சது, அப்புறம் வருஷா வருஷம் சமையல்ல மிஞ்சற ஓட்டை இதே மாதிரி எடுத்து சேர்த்து சேர்த்து 2012ல 10,000 முட்டை ஆயிடுச்சு. ஒரே மரத்துல! பொறுமைன்னா அதுதான். எங்க ஊருக்குப் பக்கத்துல மலைக் கிராமங்கள்ல ஊர் கிணறு, குழாயடிய எல்லாம் முட்டை மாலையால அலங்கரிப்பாங்க, நேர்ல பார்க்கும்போது நம்ம ஊர் தேருக்குத் தோரணம் கட்டின ஞாபகம்தான் எனக்கு வரும்.

சரி, விலங்குக்கு வருவோம். வெறும் ஓடு பிள்ளைங்க கையில நொறுங்கிடுமே, அதுக்கு ஒரு வழி இருக்கு. கலர் டிஷ்யூ பேப்பரைத் துண்டு துண்டா கிழிச்சு மைதா பசையில ரெண்டு மூணு அடுக்கு ஒட்டி காய வெச்சா ஓடு நல்லா கெட்டியாயிடும், கீழ விழுந்தாலும் உடனே உடையாது. கிழிச்சு ஒட்டற வேலையைப் பிள்ளைங்களே ஆசையா செய்யும், சொல்லப்போனா காது மூக்கு வைக்கறதை விட அதுலதான் ரொம்ப நேரம் உட்கார்ந்திருக்கும். கலரும் பேப்பர்லயே வந்துடும், பெயிண்ட் கூட தேவையில்ல. ரொம்ப சின்னப் பிள்ளைன்னா ஓடே வேண்டாம், மர முட்டை, இல்லன்னா காகிதக் கூழ்ல செஞ்ச முட்டை குடுங்க.

முட்டையை நிக்க வைக்கத்தான் எல்லாரும் திண்டாடுவாங்க. இங்க டிஷ்யூ ரோல் அட்டையை வளையமா வெட்டி அது மேல வைப்போம். நான் வீட்லருந்து ஒரு டஜன் பழைய வளையல் கொண்டு போனேன், கச்சிதமா உட்காருது, குழந்தைங்களுக்கும் அந்த மினுமினுப்பு பிடிச்சுப்போச்சு. எந்த விலங்குன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி முட்டையை எப்படி வைக்கப் போறோம்னு பாருங்க, பாதி வேலை அதுலயே முடியும். குண்டுப் பக்கம் கீழ வெச்சு நிமிர்த்தினா ஆந்தை, பென்குவின், கோழி. படுக்க வெச்சா எலி, ஆமை, முள்ளம்பன்னி, பன்னிக்குட்டி. யானை படுக்க வெச்சாத்தான் நல்லா வரும், காது அட்டையில, தும்பிக்கைக்குக் கம்பளி நூலை முறுக்கி ஒட்டுங்க. ஆட்டுக்குட்டிக்கு பஞ்சு, பூனைக்கு தொடப்பக்குச்சி மீசை. நாட்டுக்கோழி முட்டை ஓடு கிடைச்சா அதுக்கு சாயமே போடாதீங்க, அந்தப் பழுப்பு கலர் மேல மூணு கோடு போட்டா அணில் ரெடி. இங்க இருக்கற பிள்ளைங்களுக்கு முதுகுல கோடு போட்ட அணில் அதிசயமா இருந்துச்சு, இங்கத்து அணில் செவப்பா, காதுல முடியோட, கோடே இல்லாம இருக்கும்.

கடையில விக்கற ஆடற பிளாஸ்டிக் கண்ணு இருக்கே, மூணு வயசுக்குக் கீழ பிள்ளை இருக்கற வீட்ல அது வேண்டவே வேண்டாம், ஒட்டினது கழண்டா நேரா வாய்க்குத்தான் போகும். பஞ்ச் மெஷின்ல வெள்ளைக் காகிதத்தைக் குத்தினா வட்ட வட்டமா விழும்ல, அதுல ஒரு புள்ளி வெச்சு ஒட்டினா கண்ணு. க்ளூ கன்னும் பிள்ளைங்க கைக்கு ஆகாது, சுட்டுடும், பசை காயற வரைக்கும் காத்திருக்கட்டும்.

சாப்பிடற முட்டை டேபிள் இன்னும் ஜோர். அங்க சாயமும் சாப்பாட்டுச் சாயம்தான். அரை டம்ளர் சுடுதண்ணி, ஒரு ஸ்பூன் வினிகர், ஃபுட் கலர் சில சொட்டு. புளிப்பு இருந்தாத்தான் சாயம் ஓட்டுல நல்லா பிடிக்கும், அதுக்காக வினிகரை நிறைய ஊத்தினா குமிழ் குமிழா வந்து ஓடே அரிச்சுடும். உங்களுக்கு ஒரு வசதி, நாமக்கல் முட்டை வெள்ளை வெளேர்னு இருக்கும், எந்தக் கலரும் எடுப்பா தெரியும். எங்களுக்கு இங்க பாதி முட்டை பழுப்பு, அது போதாதுன்னு ஒவ்வொரு முட்டை மேலயும் கோழியை எப்படி வளர்த்தாங்கன்னு நம்பர் குத்தியிருப்பாங்க, 0 போட்டா இயற்கைப் பண்ணை, 3 போட்டா கூண்டு, அதை முதல்ல வினிகர் தொட்டு அழிக்கணும். ஃபுட் கலரே வேண்டாம்னா வெங்காயச் சருகைப் போட்டு கொதிக்க வெச்ச தண்ணியில செம்பழுப்பு, மஞ்சத்தூள்ல மஞ்சள், ஊதா முட்டைக்கோஸ்ல நீலம் வரும், ஊதாத் தண்ணியில போட்டது நீலமா வெளிய வரும்போது பிள்ளைங்க வாயைப் பிளந்துட்டு நிக்கும். நீலத்துக்கு மட்டும் ராத்திரி பூரா ஃப்ரிட்ஜ்ல ஊற விடணும். கடைசியில எண்ணெய் தொட்டுத் தடவினா பளபளன்னு ஆயிடும்.

ஆனா சாப்பிடற முட்டையில விலங்கு செய்ய ஓட்டு மேல எதுவுமே பண்ண வேண்டாம்ங்கறதுதான் என் கட்சி. உரிச்சுட்டு செய்யுங்க! அவிச்ச முட்டையை நீளவாக்குல ரெண்டா வெட்டி, கவுத்து வெச்சு, கேரட்டை மெல்லிசா வட்டமா சீவி ரெண்டு காது சொருகி, கருப்பு எள்ளுல கண்ணு, கறிவேப்பிலைக் காம்புல வால் வெச்சா எலி. முட்டையோட மேல் பாகத்தைப் பல்லு பல்லா வெட்டி, மஞ்சக்கருவை எடுத்து உப்பு மிளகுத்தூள் போட்டு கொஞ்சம் தயிரோட மசிச்சு திரும்ப உள்ள வெச்சு மூடியைச் சாய்ச்சு வெச்சா, ஓட்டுக்குள்ள இருந்து எட்டிப் பார்க்கற கோழிக்குஞ்சு, கேரட்ல ஒரு மூக்கு. கிராம்பும் முழு மிளகும் கண்ணுக்கு அழகாத்தான் இருக்கும், சின்னப் பிள்ளைங்களுக்கு வேண்டாம், தொண்டையில மாட்டிக்கும். செஞ்ச உடனே சாப்பிட்டுடலாம், அரை மணி நேரத்துல தட்டு காலி. வீட்ல முட்டையைத் தொடவே தொடாத ஒரு பொண்ணு எலின்னதும் வால்ல இருந்து ஆரம்பிச்சு ஒண்ணு விடாம தின்னுட்டா. இன்னொண்ணு, முட்டை அன்னிக்கு வந்த புதுசா இருந்தா உரிக்கவே வராது, வெள்ளைக்கருவும் ஓட்டோட பிய்ஞ்சு வரும், ஒரு வாரம் ஃப்ரிட்ஜ்ல இருந்த முட்டையா எடுத்து அவிங்க.

உங்க பக்கத்துல எல்லாமே முயல்தான் முன்னாடி நின்னுச்சு. முயல் இல்லன்னா ஈஸ்டர் இல்லன்னு ஒண்ணும் இல்ல. ஈஸ்டருக்கு முன்னாடி வர்ற நோன்பு காலத்துல முட்டை சாப்பிடக் கூடாதுன்னு ஒரு காலத்துல இருந்துச்சு, கோழிக்கு அது தெரியுமா, அது பாட்டுக்கு முட்டை போட்டுட்டே இருக்கும், அவ்வளவு முட்டையும் சேர்ந்து போய் ஈஸ்டர் அன்னிக்கு அவிச்சு சாயம் போட்டு ஊருக்கே குடுத்தாங்க. யார் கொண்டு வந்தாங்கன்னு பிள்ளைங்க கேட்டா ஒவ்வொரு பக்கமும் ஒவ்வொரு விலங்கைச் சொல்லியிருக்காங்க. இங்க ஜெர்மனியிலயே வெஸ்ட்ஃபாலியா பக்கம் நரி, துரிங்கியா பக்கம் நாரை, சுவிட்சர்லாந்துல குயில். பிரான்ஸ்ல விலங்கே இல்ல, ரோமுக்குப் போயிட்டு வர்ற கோயில் மணி கொண்டு வந்து போடுமாம். முயலைப் பத்தி முதல்ல எழுதி வெச்சது 1682ல ஹைடல்பெர்க்ல இருந்த ஒரு மருத்துவப் பேராசிரியர், கெயோர்க் ஃப்ராங்க் ஃபான் ஃப்ராங்கனௌ. அவர் அதை எதுக்கு எழுதினார்னு பார்த்தா, ஈஸ்டர் முட்டையை ஆளுங்க அளவில்லாம தின்னுட்டு வயித்த கெடுத்துக்கறாங்கன்னு எச்சரிக்கை பண்ண! அப்ப நான் இந்த லெட்டர் எழுதறது ஒண்ணும் புதுசு இல்ல பாருங்க.

ஆஸ்திரேலியா கதை இன்னும் சுவாரசியம். 1859ல விக்டோரியா பக்கம் வேட்டைக்குன்னு ஒருத்தர் கொஞ்சம் முயலை விட்டார், அது பெருகி நாடு பூரா புல்லு பூண்டெல்லாம் தின்னு தீர்த்துடுச்சு. பில்பின்னு நீளக் காதோட அந்த ஊர்லயே இருக்கற ஒரு பிராணி, அது அழிஞ்சுட்டு வர்றதுக்கு முயலும் ஒரு காரணம், அதனால 1990கள்ல இருந்து அங்க ஈஸ்டருக்கு முயலுக்குப் பதிலா பில்பி சாக்லேட் விக்கறாங்க. அவங்க அவங்க ஊர் பிராணியை வெச்சுக்கும்போது நம்ம பிள்ளைங்க மயில், காக்கா, அணில், எருமைக்கன்னுக்குட்டி செஞ்சா என்ன குறைஞ்சு போச்சு?

இன்னொரு விஷயம் சொல்லாம இருக்க முடியல. நீங்க போட்ட படத்துல இருந்த பாண்டாவை எந்த அஞ்சு வயசுப் பிள்ளையும் செஞ்சிருக்காது சார், அது முப்பத்தஞ்சு வயசு கை. அதைப் பார்த்துட்டு வீட்ல அம்மாமார் என்ன பண்ணுவாங்க, பிள்ளை கையில இருந்து பிரஷ்ஷை வாங்கி 'இரு இரு அம்மா சரி பண்றேன்'னு கண்ணை நேராக்கி, காதை மேல ஏத்தி, போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ்ல போடுவாங்க. பிள்ளை எழுந்து போய் டிவி பார்க்கும். எங்க கிண்டர்கார்டன்ல பெரியவங்க கை ஊசிக்கும் கத்திக்கும் அடுப்புக்கும் மட்டும்தான். மத்ததெல்லாம் அவங்க பாடு. ஒரு பையன் பூனை செஞ்சான், கண்ணு ரெண்டும் பின்னாடி இருந்துச்சு, ஏன்டா அங்க வெச்சேன்னு கேட்டா நாய் பின்னாடிதான வரும்ங்கறான். இன்னொருத்தி முட்டைக்கு மஞ்சள் பெயிண்ட் மட்டும் அடிச்சுட்டு முடிஞ்சுடுச்சுன்னு எழுந்துட்டா, குஞ்சு இன்னும் உள்ளதான் இருக்காம், வெளிய வரலையாம். இதை எப்படி திருத்துவீங்க? அடுத்த தடவை பெரியவங்க செஞ்ச படத்தோட சேர்த்து வாசகர் வீட்டுப் பிள்ளைங்க செஞ்ச கோணல் முட்டை நாலு படமும் போடுங்க, அதைப் பார்த்தா பத்து வீட்ல தைரியமா ஆரம்பிப்பாங்க.

முட்டை அலர்ஜி இருக்கற பிள்ளைங்களையும் மறந்துடக் கூடாது, வகுப்புல யாராவது இருக்கலாம், சில பேருக்கு தொட்டாலே தடிச்சுடும். எங்ககிட்ட முட்டையே சேர்க்காத வீட்டுப் பிள்ளைங்களும் உண்டு, சைவக் குடும்பங்க. அவங்களை மட்டும் தனியா ஓரமா உட்கார வெச்சு மர முட்டை குடுத்தா முகம் வாடிடும், அதனால அப்படிப் பிள்ளை இருக்கற குரூப்புக்கு எல்லாருக்குமே மர முட்டைதான். ஸ்கூல்ல இதைச் செய்யற டீச்சருங்க முன்னாடியே ஒரு வார்த்தை வீட்ல கேட்டுக்கறது நல்லது.

திருத்தம் இந்த வாரமே போட்டீங்கன்னா நல்லாயிருக்கும், உங்க பக்கத்தைக் கத்தரிச்சு வெச்சிருக்கறவங்க லீவுல பிள்ளைங்களோட செஞ்சு பார்ப்பாங்க. அடுத்த வருஷம் 2027ல ஈஸ்டர் மார்ச் 28லயே வந்துடுது, ஓடு சேர்க்க ஒரு மாசம் வேணும்ங்கறதால செய்முறையை பிப்ரவரி கடைசியிலயே போடுங்க. எலி, கோழிக்குஞ்சு சாப்பாட்டு முட்டைக்கு படம் வேணும்னா எங்க பிள்ளைங்க செஞ்சதை அனுப்பறேன், பிள்ளைங்க முகம் இல்லாம தட்டு மட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
நியூரம்பர்க், ஜெர்மனி